அவரவர்க்கென்று வைத்த வேலை

அவள் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமையை.

டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில் ஓட்ஸ் பொதி செய்யும் தொழிற்சாலையில் அப்போது எனக்குப் பதினேழாவது வருடம். அவள் வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. என் வயதுக்காரி, நாற்பத்து மூன்று. உடுப்பு மாற்றும் அறையில் நான் தலைமயிர் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

நாங்கள் கதைத்தது முழுக்க டேனிஷில்தான். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு, என் நினைவில் அவள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறாள். அதை மாற்ற எனக்கு விருப்பமில்லை.

"உமக்கு எப்பவும் பகல் வேலைதானே?" என்றாள். "எனக்கு ஒரு கிழமை பகல், ஒரு கிழமை பின்னேரம். பின்னேரம் வாற கிழமையிலை வெள்ளிக்கிழமையை மட்டும் என்னோடை மாத்துவீரோ? குளிர் காலத்துக்கு மட்டும்."

"வெள்ளியிலை என்ன?"

"இப்ப நாலு மணிக்கு முதலே பொழுதுபடுது. பொழுதுபட முதல் நான் ஓகூஸிலை வீட்டை நிக்கவேணும். நாங்கள் யூதர். அந்த நேரத்திலை இருந்து அடுத்த நாள் இரவு மட்டும் வேலை செய்யிறேல்லை."

டென்மார்க்கில் இருபது வருடம் இருந்தும் ஒரு யூதருடன் நான் கதைத்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாமல் இருப்பது. அந்தத் தடுமாற்றத்தில், "எனக்கும் வெள்ளி விரதம்தான்" என்று சொல்லிவைத்தேன். அவள் சிரித்தாள். "அப்ப நாங்கள் ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமைக்காரர்" என்றாள்.

மாற்றிக்கொண்டோம். பதிலுக்கு எங்கள் கோயில் தேர் வரும் நாளில் என் வேலையை அவள் செய்தாள்.

அவளைப் பற்றித் தொழிற்சாலையில் முன்னமே கதை இருந்தது. சட்டம் படித்தவள், ஓகூஸில் ஒரு சட்டக் கந்தோரில் பதினொரு வருடம் இருந்தவள், மனம் உடைந்து சுகயீன லீவில் நின்றவள் என்று. அப்படிப்பட்டவள் எதற்காகத் தினமும் ரயில் ஏறி இங்கே வந்து பெட்டி அடுக்குகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஒருநாள் கன்ரீனில் நேராகவே கேட்டேன். எங்கள் ஆட்களிடம் அப்படிக் கேட்கலாம், டேனிஷ்காரரிடம் கேட்கக் கூடாது. இவளிடம் கேட்கலாம் போல இருந்தது.

அவள் கொண்டுவந்த முட்டையை உரித்துக்கொண்டே சொன்னாள். தாயும் தகப்பனும் போலந்தில் இருந்து துரத்தப்பட்டு இங்கே அகதியாக வந்தவர்கள். பிள்ளைக்கு ஒரு தொழில் பழக்குவது தகப்பனுடைய கடமை என்பது அவர்களுடைய சமய விதி. தகப்பன் கடமையைச் செய்தார். எந்த நாட்டுக்கு ஓடினாலும் மதிப்புக் குறையாத படிப்பு என்று சட்டத்தைத் தெரிந்தெடுத்தார்.

"அவர் எனக்குப் பாதுகாப்பான தொழிலைத் தேடினவர். எனக்குப் பொருந்திற தொழிலைத் தேட அவருக்கு நேரமிருக்கேல்லை" என்றாள்.

"பொருந்திறது எண்டால்?"

"ஒவ்வொருத்தரைப் படைக்கேக்கையும் ஒரு வேலையிலை விருப்பத்தையும் அதுக்கேத்த உடம்பையும் கடவுள் சேர்த்துத்தான் வைக்கிறார் எண்டு எங்கடை ஆக்கள் நம்புகினம். அதைத் தேடிப் பிடிக்கவேணும். பிடிச்சால் கசந்தாலும் விடக்கூடாது. படியளக்கிறது அவர். வேலை சும்மா ஒரு பாத்திரம். ஆனால் பாத்திரத்தை நீட்டாமல் நிண்டாலும் பிழை."

"உம்மடை பாத்திரம் ஓட்ஸோ?"

"இல்லை. கையாலை ஏதோ செய்யிறது எண்டு மட்டும் தெரியும். தெரியிற மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

"ஆரிட்டை?"

அவள் முட்டையில் உப்பைத் தூவினாள். "வெள்ளிக்கிழமை விளக்கேத்தேக்கை கேக்கிறனான். வேலையைத் தா எண்டு கேக்கிறேல்லை. எனக்கு எது எண்டு காட்டு எண்டு."

எனக்கு அது பணக்காரர் பேசும் கதைபோல் பட்டது. நாங்கள் வந்த காலத்தில் கிடைத்த வேலைதான் வேலை. விறைத்த கையோடு மீன் வெட்டியவர்களும் இரவில் கந்தோர் கழுவியவர்களும்தான் எங்களுக்கு வழிகாட்டினார்கள். விருப்பம் என்ற சொல்லை வேலையோடு சேர்த்து எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குச் சைக்கிள் மிதிக்கும்போது அந்தக் கதை என்னோடு வந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் பெட்டி மடிக்கும் மெஷின் பழுதானது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஓடுகிற எதையும் காது தானாகக் கவனிக்கும். கோல்டிங்குக்குப் போகிற பஸ்ஸில் இருந்துகொண்டே, "இதின்ரை பின் சில்லு சரியில்லை" என்பேன். "இஞ்சை பாரும், டிரைவரிட்டைப் போய்ச் சொல்லும்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அந்தப் பெட்டி மெஷின் பதினேழு வருடமாக எனக்குப் பக்கத்தில் ஓடியது. அதன் தாளம் என் மூச்சு மாதிரி. ஒரு செவ்வாய்க்கிழமை அது ஏழாவது அடியில் விக்கியது. ஒரு சின்ன விழுங்கல், அவ்வளவுதான். மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் காதுக் கவசத்தைத் தூக்கிக் கேட்டார். தலையை ஆட்டினார். ஒன்றுமில்லையாம்.

"இடப்பக்கம், உள்ளுக்கை" என்றேன் மறுபடி. அவர் போய்விட்டார்.

அடுத்த நாள் பத்து மணிக்கு மெஷின் கத்திக்கொண்டு நின்றது. இடப்பக்கம் உள்ளே இருந்த பெயரிங் உடைந்து தூளாகியிருந்தது. வேலை ஐந்து மணித்தியாலம் நின்றது. மெக்கானிக் வந்து, எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்ல முதலே போனார். அவள்தான் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உமக்கு எப்ப தொடக்கம் கேக்குது?"

நான் யோசித்தேன். அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. தாய் கேட்கவில்லை, பள்ளிக்கூடம் கேட்கவில்லை, வேலை தேடித் தரும் கந்தோரில் முப்பது கேள்வி கேட்ட அந்த அம்மாவும் கேட்கவில்லை. மெஷின் ஒன்று பழுதானதற்கு அழலாமா என்று வெட்கமாக இருந்தது.

"எல்லாருக்கும் கேக்கும் எண்டுதான் நான் நினைச்சன்" என்றேன்.

"இல்லை. எனக்குக் கேக்கேல்லை. மெக்கானிக் வேலையே செய்யிற அவருக்கும் கேக்கேல்லை" என்றாள்.

வசந்தம் வந்தபோது எங்கள் பகுதியின் பொறுப்பாளர் ஓய்வுபெற்றார். மேலாளர் அந்த இடத்துக்கு அவளைக் கேட்டார். வெள்ளிக்கிழமை பிரச்சினையில்லை, பகல் வேலையாகவே தருகிறோம் என்றும் சொன்னார். அவள் ஒரு நாள் தவணை கேட்டாள். மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து என் எதிரே இருந்து பாணைக் கடித்தாள்.

"விசரே உமக்கு? வெள்ளியையும் தந்தவங்கள்!"

"வெள்ளிக்காக நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆக்களைக் கண்காணிக்கிற வேலை எனக்கு வராது. கந்தோரிலை அதைத்தான் செய்தனான். அங்கை நான் பொல்லாத மனிசியாய் இருந்தனான்."

"பிறகு வேறை ஒண்டும் வராட்டில்?"

"எனக்கெண்டு வைச்சது இந்த வாசலாலை வராட்டில் வேறை வாசலாலை வரும். இதை விட்டால் எனக்குக் குறையும் எண்டு நினைச்சால், வெள்ளிக்கிழமை விளக்கேத்திறதிலை என்ன அர்த்தம்?"

இரண்டு நாள் கழித்து மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நான் தவணை கேட்கவில்லை. அந்தக் கதிரையில் இருந்தபடியே ஓம் என்றேன்.

அவளிடம் சொன்னபோது அவள் என்னை வாழ்த்தினாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "உமக்கு அது விருப்பமோ?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "விருப்பமோ எண்டு கேட்டு வேலை எடுக்கிறதுக்கு நான் டென்மார்க்கிலை பிறக்கேல்லை."

அவள் முகம் சுருங்கியது. "என்ரை அப்பாவும் இதைத்தான் சொல்லுவார்" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் கதைத்தோம், ஆனால் முன்பு போலில்லை. அடுத்த குளிருக்கு அவளுடைய வெள்ளிக்கிழமைகளை வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

பொறுப்பாளருக்கு மேல் மாடியில் கண்ணாடி அறை. கீழே ஐந்து மெஷின்களும் அங்கிருந்து தெரியும். கதவைச் சாத்தினால் சத்தம் வராது. அதைத்தான் எல்லோரும் அந்த அறையின் சுகமாகச் சொன்னார்கள். முதல் கிழமை நான் கீழே பார்த்துக்கொண்டே இருந்தேன். பெட்டிகள் மடிந்தன, பெல்ட் ஓடியது, ஒன்றும் கேட்கவில்லை. காரணமில்லாமல் கதவைத் திறந்து வைப்பேன். யாராவது படியேறி வந்து, குளிர் வருகிறது என்று மரியாதையாகச் சாத்திவிட்டுப் போவார்கள்.

வீட்டில் எல்லோருக்கும் பெருமை. கோல்டிங்கில் ஒரு கலியாண வீட்டில் இவர் என்னை, "ஃபக்டரியிலை இவதான் பொறுப்பு" என்று சொல்லிக் காட்டினார். எனக்குச் சேலை இறுக்கிப் பிடித்தது போலிருந்தது.

அந்த நாட்களில்தான் அவளுக்கு அவளுடைய வேலை தெரியவந்தது. தாய்க்குப் பொய்ப்பல் கடித்து வலித்திருக்கிறது. திருத்தக் கொடுத்தும் சரிவரவில்லை. ஒரு ஞாயிறு இவள் சமையல் மேசையில் வைத்து நகம் தேய்க்கும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அராவி, தாயின் வாயில் வைத்துப் பார்த்து, திரும்ப அராவியிருக்கிறாள். மூன்று மணித்தியாலம் போனது தெரியவில்லையாம். தாய் அன்று பின்னேரம் ஒரு அப்பிளைக் கடித்துத் தின்றாராம். செயற்கைப் பல் செய்யும் தொழிலுக்கு விண்ணப்பித்தாள். முதல் வருடம் பயிற்சிக்கு எடுக்க ஒருவரும் இல்லை. அவள் தொடர்ந்து ஓட்ஸ் பெட்டி அடுக்கினாள், முகம் கோணாமல். அடுத்த வருடம் ஓகூஸில் ஒரு சின்னப் பல் பட்டறையில் இடம் கிடைத்தது. கடைசி நாள் எல்லோருக்கும் கேக் கொண்டுவந்தாள். மாடிக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து வைத்தாள். நான் போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். கையை மட்டும் காட்டினேன்.

பிறகு நடந்ததை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கோல்டிங்கில் இருந்து ஒரு தமிழ் அக்கா எங்கள் பகுதிக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். என்னைவிட எட்டு வயது மூப்பு. தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் மனுசனுக்குப் பாரிசவாதம். காலையில் அவரைக் கழுவி உடுப்பாட்டிவிட்டு ரயிலுக்கு ஓடிவருவார். ஒரு மாதத்தில் மூன்று தரம் பிந்திவிட்டார். மூன்று தரம் பிந்தினால் எழுத்து மூலம் எச்சரிக்கை என்பது விதி. விதியை வளைக்கிற பொறுப்பாளர்களை நான் கண்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே ஒரு சொல் சொல்லி அனுப்பிவிடுவார்கள், அடுத்தநாள் ஆள் நேரத்துக்கு வரும். எனக்கு அந்தக் கை வரவில்லை. தன் ஆளுக்குச் சலுகை காட்டினாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் வந்தது. கடிதத்தை அடித்து மேசையில் வைத்து, கையெழுத்து வையுங்கோ என்றேன்.

அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, முழுவதையும் வாசித்தார். கையெழுத்து வைத்தார். பேனையைத் திருப்பித் தந்துவிட்டு, "தக்" என்றார்.

இத்தனை வருடத்தில் என்னோடு ஒரு சொல் டேனிஷில் கதைக்காதவர், எனக்கு டேனிஷில் நன்றி சொன்னார்.

அவர் படியிறங்கிப் போய்த் தன்னுடைய இடத்தில் நின்று வேலை செய்ததைக் கண்ணாடியால் பார்த்தேன். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். அவருடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தார். "உம்மடை வேலை அது, என்ன செய்யிறது" என்றார். அது என்னுடைய வேலையில்லை என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் அதை அவரிடம் சொல்வது அநியாயம்.

அவளுக்கு ஒரு குறுஞ்செய்தி எழுதினேன். அவள் வேலையை விட்டுப் போய் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. "நான் பொல்லாத மனிசியாய்ப் போனன்" என்று மட்டும். உடனே பதில் வந்தது: ஞாயிற்றுக்கிழமை வாரும்.

ஓகூஸ் துறைமுகப் பக்கமாக நடந்தோம். காற்று முகத்தில் அறைந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை, குத்திக்காட்டவும் இல்லை.

"கடவுள் உமக்குக் காதைத் தந்தவர். நீர் அதைக் கண்ணாடிக்குள்ளை கொண்டுபோய் வைச்சீர்" என்றாள்.

"நாப்பத்தாறு வயசு எனக்கு."

"எனக்கும் அதுதான். பட்டறையிலை என்னோடை சேர்ந்து தொழில் பழகிறவளுக்கு இருபது."

"எனக்கு உம்மடை நம்பிக்கை இல்லை. எங்கடை வீட்டிலை தலையெழுத்து எண்டுதான் சொல்லுறது. எழுதினபடி நடக்கும்."

அவள் நின்றாள். "எழுதினவர் உம்மடை காதையும் சேர்த்துத்தானே எழுதினவர்? அதை ஏன் நீர் வாசிக்கிறீர் இல்லை?"

எங்கள் சொல்லை எடுத்து எனக்கே திருப்பித் தந்திருந்தாள்.

திங்கட்கிழமை மேலாளரிடம் போனேன். பொறுப்பை விடுகிறேன், பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சியில் என்னை மெக்கானிக் பகுதிக்கு எடுங்கள் என்று கேட்டேன். அவர் கதிரையில் சாய்ந்து யோசித்தார். பழைய மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த மனிதர் என்னைப் பார்க்காமலே, "பெயரிங் உடையிறதுக்கு முதல் நாள் சொன்னவ" என்றார்.

வீட்டில் இவர் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. "பொறுப்பாளரா இருந்தவ பட்டறையிலை எண்ணெய் துடைக்கப் போறாவாம். சனம் என்ன கதைக்கும்?" மகள் சாப்பாட்டு மேசையில் போனைக் கீழே வைத்து, "அம்மா, செய்யுங்கோ" என்று டேனிஷில் சொன்னாள். பிறகு தகப்பனைப் பார்த்து, அதையே தமிழில் திரும்பச் சொன்னாள்.

பயிற்சி பூப்போல இருக்கவில்லை. வகுப்பில் எல்லோரும் என் மகளைவிட இளையவர்கள். மின்சாரக் கணக்கு எனக்கு ஏறவில்லை. முதல் பரீட்சையில் தவறினேன். கையில் வெட்டுக்காயம், முழங்காலில் நோ. ஓகூஸில் அவள் பல்லில் மாட்டுப்பட்டு இதேபோல் திணறிக்கொண்டிருந்தாள். கிழமைக்கு ஒருக்கால் போனில் ஒருவரையொருவர் திட்டித் திட்டித் தூக்கிவிட்டோம். கசந்தாலும் விடக்கூடாது என்று அவள் சொன்னதை நான் அவளுக்கே சொல்ல வேண்டிவந்த நாட்களும் இருந்தன. ஒருநாள் அவள், "நான் சொன்னது பிழையெண்டால்? எனக்கெண்டு ஒண்டுமே வைக்கேல்லையெண்டால்?" என்று போனில் அழுதாள். நம்பிக்கை உள்ளவர்களுக்கும் அது எல்லா நாளும் இருப்பதில்லை என்று அன்றுதான் கண்டேன். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், தாய் தின்ற அப்பிளை ஞாபகப்படுத்தினேன்.

நாற்பத்தொன்பதாவது வயதில் எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. அவளுக்கு அதற்கு நாலு மாதம் முன்னே.

அந்த வருடம் அவளுடைய தாய் காலமானார். தாய்க்காக ஊரோடு கூடித் தொழவேண்டிய நாட்களில் ஓகூஸில் போதிய பேர் சேரவில்லை. பத்துப் பேர் வேண்டுமாம், ஒரு தரம் எட்டுப் பேரோடு காத்திருந்துவிட்டுக் கலைந்தார்களாம். அதற்குப் பிறகு கொபன்ஹேகனுக்குப் போவதென்று தீர்மானித்தாள். அங்கே தொழுகைக்கூடம் இருக்கிறது, அவளுடைய ஆட்கள் இருக்கிறார்கள். நான் பெட்டி கட்ட உதவினேன். போகாதே என்று சொல்லலாமா என்று அன்று முழுக்க யோசித்தேன். என்னோடு ஒரு கோயில் நிறையச் சனம் இருக்கும்போது அதைச் சொல்ல எனக்கென்ன உரிமை?

போன கோடையில் அவளைப் பார்க்கப் போனேன். அங்கே ஒரு பல் பட்டறையில் வெளிச்சத்துக்குக் கீழே குனிந்து யாருடையதோ ஒரு கடைவாய்ப் பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓட்ஸ் பெட்டி அடுக்கிய நாட்களில் ஒருநாளும் நான் காணாத முகம்.

வீட்டில் எனக்காகப் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்திருந்தாள். சாப்பிட்ட பிறகு அவள் கோப்பை கழுவ, நான் துடைத்தேன். அப்போதுதான் பல காலமாக உள்ளே கிடந்ததைக் கேட்டேன்.

"இருபத்தாறு வயசிலை எனக்கு இந்தக் காது இருந்தது. மெஷினும் பக்கத்திலைதான் நிண்டது. ஏன் கடவுள் அதை இருபது வருசம் கழிச்சுக் காட்டினவர்?"

அவள் தண்ணீரை நிறுத்தினாள். அவளிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும் என்றே நான் பழகியிருந்தேன்.

"தெரியாது. அதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றாள்.

யன்னலால் கீழே சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்குப் போன வருடங்களின் மேல் வந்த ஏக்கத்தைவிட, அவள் மேல்தான் ஏக்கம் வந்தது, அவள் பக்கத்தில் நிற்கும்போதே. இன்னும் மூன்று மணித்தியாலத்தில் நான் ரயிலில் இருப்பேன். ஹோர்சன்ஸ் பட்டறையில் எனக்கு விருப்பமான வேலை இருக்கிறது, வீட்டில் இவர் இருக்கிறார், மகள் இருக்கிறாள். ஆனால் எனக்கென்று வைத்தது எது என்று முதலில் கேட்டவள் அடுத்த தெருவில் இருந்திருக்கலாம். சும்மா ஒரு பின்னேரம் நடந்துபோய்க் கதவைத் தட்டுகிற தூரத்தில்.

"சாப்பாடு கட்டித் தாறன், ரயிலிலை சாப்பிடும்" என்று அவள் டப்பாவைத் தேடத் தொடங்கினாள். மூடி ஒன்றும் பொருந்தவில்லை. நான் நேரமாகிறது என்று சொல்லாமல், அவள் தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.